நாரில்லாத வெண்ணெய்ப் பழம் தந்த தபால்காரர்

வெண்ணெய்ப் பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்துவிட்டு, சதையைக் கரண்டியால் வழிக்கிறீர்கள். வெண்ணெய் போல வர வேண்டிய சதை நூல் நூலாக வருகிறது. பல்லில் சிக்குகிறது. ஜூஸ் போட்டால் வடிகட்ட வேண்டியிருக்கிறது. கீழ்ப்பழனி மலையிலோ ஏற்காட்டிலோ நீலகிரியிலோ காப்பிக்கு ஊடே இந்த மரத்தை வைத்திருப்பவர் என்றால், இந்தப் புகாரை வியாபாரி உங்களிடம் சொல்லி விலையைக் குறைத்திருப்பார். ஒரே தோட்டம், ஒரே மண், ஒரே உரம். அப்படியிருக்க ஒரு மரத்துப் பழம் வழவழப்பாகவும் அடுத்த மரத்துப் பழம் நாராகவும் இருப்பது ஏன் என்று விவசாயிகள் என்னிடம் கேட்பதுண்டு.

அப்படிக் கேட்பவர்களுக்கு நான் ஒரு தபால்காரரின் கதையைச் சொல்வது வழக்கம். அவர் பெயர் ருடால்ஃப் ஹாஸ். நகரத்துக் கடைகளில் கறுத்த, தடித்த, சொரசொரப்பான தோலோடு விற்கும் அவகேடோவின் மீது ஒட்டியிருக்கும் ஹாஸ் என்ற பெயர் இவருடையதுதான்.

ஹாஸ் 1892 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மில்வாக்கி நகரில் பிறந்தார். படிப்பு அதிகமில்லை. 1920-களில் மனைவி எலிசபெத்தோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பாசடீனா ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஆரம்பத்தில் கூலி மணிக்கு 25 சென்ட், அதாவது கால் டாலர். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது.

ஒருநாள் ஒரு பத்திரிகையில் ஒரு விளம்பரப் படம் அவர் கண்ணில் பட்டது. அவகேடோ மரம் ஒன்று, அதன் கிளைகளில் காய்களுக்குப் பதிலாக டாலர் நோட்டுகள் தொங்குகின்றன. நம் ஊரில் ஈமு கோழிக்கும் தேக்குக்கும் வந்த விளம்பரங்கள் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். இப்படிப்பட்ட படத்தைப் பார்த்து நிலம் வாங்கப் புறப்படுகிறவரைத் தடுத்து நிறுத்துவதுதான் என் போன்றவர்களின் வேலை. ஹாஸைத் தடுக்க யாரும் இல்லை. கையில் இருந்த பணம் முழுவதையும் போட்டு, போதாததற்குத் தன் சகோதரி ஐடாவிடம் கடன் வாங்கி, லா ஹாப்ரா ஹைட்ஸ் என்ற குன்றுப் பகுதியில் இரண்டு ஏக்கருக்கும் குறைவான ஒரு சிறிய தோட்டத்தை வாங்கிவிட்டார்.

தோட்டத்தில் ஏற்கெனவே பல ரக அவகேடோ மரங்கள் கலந்து நின்றன. அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாவில் பணம் தந்த ரகம் ஃபுவெர்டே. மெக்சிகோவின் அட்லிஸ்கோ ஊரிலிருந்து 1911-இல் கொண்டுவரப்பட்ட ஒட்டுக்குச்சிகளிலிருந்து வந்தது. 1913-இல் கலிஃபோர்னியாவைத் தாக்கிய கடும் உறைபனியில் மற்றவை கருகியபோதும் இது பிழைத்து நின்றதால், வலிமையானது என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் அந்தப் பெயர். பச்சைத் தோல், நல்ல எண்ணெய்ச் சத்து. அதன் குறை ஒரு வருடம் குலுங்கக் காய்த்து மறுவருடம் ஓய்வெடுத்துக்கொள்வது. ஹாஸும் எல்லோரையும் போல மற்ற ரகங்களைக் குறைத்துவிட்டு ஃபுவெர்டேவை ஏற்றத் திட்டமிட்டார்.

ஒட்டு நாற்று விலை கொடுத்து வாங்க அவரிடம் பணம் இல்லை. எனவே விதை வாங்கி முளைக்க வைத்து, கன்று வளர்ந்த பின் அதன் மேல் ஃபுவெர்டே குச்சியை ஒட்டுக்கட்டுவது என்று முடிவு செய்தார். பக்கத்து ஊரான விட்டியரில் ரைட்அவுட் என்ற நாற்றங்கால்காரரிடம் விதை வாங்கினார். ரைட்அவுட் எங்கே அவகேடோ கொட்டை கிடைத்தாலும் எடுத்து வைத்துக்கொள்பவர். உணவு விடுதிக் கழிவில் கிடைத்ததைக்கூட விடமாட்டார். ஆகவே ஹாஸ் வாங்கிய விதைகளுக்குத் தாய் மரம் எது என்று அப்போதும் யாருக்கும் தெரியாது.

1926-இல் 12 அடி இடைவெளியில் குழி எடுத்து, குழிக்கு மூன்று விதை போட்டார். முளைத்ததில் வலுவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் களைந்தார். கன்றுகள் ஒட்டுக்கட்டும் பருவத்துக்கு வந்ததும் கால்கின்ஸ் என்ற அனுபவமுள்ள ஒட்டுக்காரரை வரவழைத்தார். பெரும்பாலான ஒட்டுகள் பிடித்தன. பிடிக்காத சிலவற்றில் மறுபடி கட்டியதும் பிடித்துக்கொண்டன. ஒரே ஒரு கன்று மட்டும் எத்தனை முறை கட்டினாலும் ஒட்டை ஏற்கவே இல்லை.

இந்த இடத்தில் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். கடன் வாங்கிய நிலம். ஒவ்வொரு குழியும் பணம். அதில் ஒரு குழியை ரகம் தெரியாத ஒரு காட்டுக் கன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஹாஸும் அதைத்தான் நினைத்தார். அந்தக் கன்றின் மேல் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. ஆனால் கால்கின்ஸ், கன்று நல்ல வலுவோடு இருக்கிறது, அப்படியே விடுங்கள், என்ன ஆகிறது பார்ப்போம் என்ற கருத்தில் இருந்தார். ஒரு கூலி ஒட்டுக்காரரின் கண் அந்த மரத்தைக் காப்பாற்றியது. என் கணக்கில் இந்தக் கதையில் பாதிப் பெருமை அவருக்கு.

அந்தக் கன்று சிறு வயதிலேயே காய்க்கத் தொடங்கியது. ஃபுவெர்டே போலக் கிளைகளைப் பரப்பாமல் நேராக உயர்ந்தது, அதனால் குறைந்த இடமே போதுமாக இருந்தது. காய் சிறிது. பழுத்தால் தோல் பச்சையிலிருந்து கருஊதாவாக மாறியது. பார்க்க அழகில்லை. ஹாஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளைகள் ஃபுவெர்டே பழத்தை ஒதுக்கிவிட்டு இந்தக் கறுப்புப் பழத்தையே கேட்டுச் சாப்பிட்டார்கள். அப்புறம்தான் தகப்பனார் உட்கார்ந்து ருசி பார்த்தார். கொட்டைப்பருப்பின் வாசம், கெட்டியான எண்ணெய்ச் சதை, நார் இல்லை.

நார் எங்கிருந்து வருகிறது

கதையைச் சற்று நிறுத்திவிட்டு, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நார் என்று நாம் சொல்வது பழத்தின் நரம்பு. காம்பு வழியாக வரும் நீரையும் சத்தையும் சதைக்கும் கொட்டைக்கும் கொண்டுசேர்க்கும் குழாய்க் கற்றைகள் அவை. காம்பில் தொடங்கி, சதைக்குள் நெடுக ஓடி, கொட்டையின் அடிப்பக்கத்தில் போய்ச் சேரும். நார் இல்லாத வெண்ணெய்ப் பழம் என்று ஒன்று கிடையாது. ஹாஸ் பழத்திலும் இந்தக் கற்றைகள் உண்டு. பழுக்கும்போது சதையின் செல் சுவர்களை நொதிகள் கரைத்து இளக்கிவிடுகின்றன. குழாய்க் கற்றைகளின் சுவரில் லிக்னின் என்ற மரப்பொருள் படிந்திருப்பதால் அவை அவ்வளவு எளிதில் கரையாது. கற்றை மெல்லியதாக இருந்தால் நாக்குக்குத் தெரியாது. தடித்திருந்தாலோ கறுத்திருந்தாலோ தெரியும்.

கற்றை தடிப்பதும் மெலிவதும் முதலில் மரத்தின் பரம்பரையைப் பொறுத்தது. வெண்ணெய்ப் பழத்தின் பூ விசித்திரமானது. ஒரே பூ இரண்டு முறை விரியும். முதல் முறை பெண்ணாக, மறுநாள் ஆணாக. ஹாஸ் போன்ற ஏ வகையில் பூ காலையில் பெண்ணாக விரிந்து மூடி, அடுத்த நாள் பிற்பகலில் ஆணாக விரியும். ஃபுவெர்டே போன்ற பி வகையில் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். இதனால் வேறு மரத்து மகரந்தம் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு கொட்டையும் ஒரு புது கலப்பு. நல்ல பழத்தின் கொட்டையை ஊன்றினால் அதே பழம் வராது. நானே படிக்கும் காலத்தில், அருமையான ஒரு பழத்தைத் தின்றுவிட்டு அதன் கொட்டையை வீட்டுக் கொல்லையில் ஊன்றினேன். எட்டாவது வருடம் காய்த்தது. தண்ணீரும் நாருமாக ஒரு பழம். வேளாண்மை படித்தவன் செய்த காரியம் என்று என் தாயார் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

நம் மலைத் தோட்டங்களில் இருக்கும் பழைய மரங்களில் பல, விதையிலிருந்து வந்தவை. அதனால்தான் பக்கத்துப் பக்கத்து மரங்கள் வேறு வேறு பழம் தருகின்றன. ஹாஸ் தோட்டத்துக்குக் கிடைத்ததும் அதே குலுக்கல்தான். பின்னாளில், 2019-இல் வெளியான மரபணு ஆய்வு, ஹாஸ் ரகத்தில் சுமார் 61 விழுக்காடு மெக்சிகோ இனத்தின் மரபும் 39 விழுக்காடு குவாத்தமாலா இனத்தின் மரபும் இருப்பதாகக் காட்டியது.

பரம்பரை நன்றாக இருந்தும் நார் தெரிவதுண்டு. இளம் மரத்தின் முதல் ஒன்றிரண்டு காய்ப்பில் நார் அதிகமாக இருக்கலாம், அதை வைத்து மரத்தை வெட்டிவிடாதீர்கள். அடுத்த பெரிய காரணம் முற்றாத காயைப் பறிப்பது. வெண்ணெய்ப் பழம் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். எனவே முற்றியதா இல்லையா என்பது பார்வைக்குத் தெரியாது. முற்ற முற்றச் சதையில் தண்ணீர் குறைந்து எண்ணெய் ஏறுகிறது. எண்ணெய் ஏறுமுன் பறித்த காய் ரப்பர் போல இளகி, தோல் சுருங்கி, நாரை மட்டும் நாக்கில் விடும். ஹாஸ் தன் தோட்டத்தை வாங்கிய அந்தக் காலத்திலேயே இந்தத் தொல்லை கலிஃபோர்னியாவில் இருந்தது. விலை இருக்கிறதே என்று பச்சைக் காயைப் பறித்து அனுப்பிச் சந்தையைக் கெடுத்தவர்கள் அங்கும் உண்டு. 1925-இல் அந்த மாநிலம், 8 விழுக்காடு எண்ணெய் இல்லாத அவகேடோவை விற்கக் கூடாது என்று சட்டமே போட்டது. பிறகு எண்ணெய்க்குப் பதிலாக உலர் எடையை அளவாக வைத்தார்கள். ஹாஸ் ரகத்துக்கு அது 20.8 விழுக்காடு.

இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பறிக்கத் தயாராக இருப்பதாக நினைக்கும் சில காய்களின் சதையை மெல்லிய சீவலாகச் சீவி, 100 கிராம் எடைபோட்டு, அடுப்புச் சூட்டிலோ உலர்த்தியிலோ கருகாமல், இனி எடை குறையாது என்ற நிலை வரை உலர்த்துங்கள். 21 கிராமோ அதற்கு மேலோ மிஞ்சினால் ஹாஸ் காய் பறிக்கும் பக்குவம். மற்ற ரகங்களுக்கு அளவு மாறும். உங்கள் மரத்துக்கு எந்த எடையில் பறித்தால் நாரில்லாமல் பழுக்கிறது என்று இரண்டு பருவம் குறித்துவைத்தால், அது உங்கள் சொந்த அளவுகோல்.

மூன்றாவது, பறித்த பின் நடப்பது. நார் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரிந்தால் அது பெரும்பாலும் பரம்பரை இல்லை. பழுக்காத காயை அதிகக் குளிரில் வாரக்கணக்கில் வைத்தாலும் கற்றைகள் கறுக்கும். காம்பு வழியாக நுழையும் பூஞ்சாணம் அதே குழாய்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினாலும் கறுக்கும். காய்ந்த குச்சிகளில்தான் இந்தப் பூஞ்சாணம் குடியிருக்கும், ஆகவே அவற்றை வெட்டி அப்புறப்படுத்துங்கள். மழை நனைவில் பறிக்காதீர்கள். காயைப் பிடித்து இழுக்காமல், சிறிது காம்பு விட்டுக் கத்தரியுங்கள்.

காப்புரிமை இருந்தும்

ஹாஸுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. பழத்தைச் சாப்பிட்டவர்கள் திரும்பி வந்து கேட்டார்கள், அது போதுமாக இருந்தது. மிஞ்சியதை முதலில் தபால் நிலையத்துச் சகாக்களிடம் விற்றார். பிறகு பாசடீனாவில் மாடல் குரோசரி என்ற மளிகைக் கடைக்குப் போட்டார். பணக்கார வீடுகளின் சமையல்காரர்கள் ஒரு பழத்துக்கு ஒரு டாலர் கொடுத்து வாங்கினார்கள். அவர் தபால் வேலையில் ஆரம்பத்தில் வாங்கிய கூலியோடு ஒப்பிட்டால், ஒரு பழம் நான்கு மணி நேர உழைப்பு.

அமெரிக்காவில் 1930-இல் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. ஒட்டு, பதியன் போன்ற முறைகளில் பெருக்கப்படும் புதிய செடி ரகத்துக்குக் காப்புரிமை தரும் சட்டம். ஹாஸ் விண்ணப்பித்தார். 1935 ஆகஸ்ட் 27 அன்று 139-ஆம் எண் செடிக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. விட்டியரில் நாற்றங்கால் வைத்திருந்த ஹெரால்ட் புரோக்கா என்பவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். புரோக்கா ஒட்டு நாற்று உற்பத்தி செய்து விற்பார். வருமானத்தில் 25 விழுக்காடு ஹாஸுக்கு, மீதி புரோக்காவுக்கு. இந்தப் பங்கீடு அநியாயம் என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்று வளர்த்து, பெயர் தெரியாத கறுப்புப் பழத்தை விவசாயிகளிடம் வாதாடி விற்ற பாடு முழுவதும் புரோக்காவுடையது.

காப்புரிமையைக் கெடுத்தது வேறொன்று. ஒரு விவசாயி புரோக்காவிடம் ஒரே ஒரு நாற்று வாங்குவார். அது வளர்ந்ததும் அதிலிருந்து குச்சி வெட்டித் தன் தோட்டம் முழுவதும் மேலொட்டுக் கட்டிக்கொள்வார். பக்கத்துத் தோட்டக்காரருக்கும் குச்சி கொடுப்பார். யார் மரம் யாரிடமிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காப்புரிமை இருந்த 17 ஆண்டுகளில் ஹாஸுக்குக் கிடைத்த மொத்தத் தொகை ஏறத்தாழ 5,000 டாலர்தான். தபால் வேலையை அவரால் விட முடியவில்லை. விடியலில் தபால், விடுமுறையில் தோட்டம் என்றே ஓடினார்.

நம் நாட்டில் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இல் வந்தது. தன் நிலத்தில் ஒரு விவசாயி கண்டெடுத்த ரகத்தைத் தன் பெயரில் பதிய அதில் வழி உண்டு. உங்கள் தோட்டத்தில் தனிச்சிறப்பான மரம் ஒன்று நின்றால், ஊருக்கெல்லாம் குச்சி கொடுப்பதற்கு முன் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நம் மாநிலத்தில் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.டி. 1 ரகமும் பல மரங்களைப் பார்த்துத் தேர்வு செய்யப்பட்டதுதான்.

ஹாஸ் ரகம் உடனே பரவிவிடவில்லை. பச்சைத் தோல் பழத்துக்குப் பழகிய சந்தை, கறுத்த பழத்தை அழுகியது என்று நினைத்தது. ஆனால் அந்தத் தடித்த தோல் வண்டிப் பயணத்தைத் தாங்கியது. ஃபுவெர்டே குளிர்காலத்தில் வரும், ஹாஸ் வசந்தத்திலும் கோடையிலும் வரும், ஆகவே வரத்து இல்லாத மாதங்களில் விலை கிடைத்தது. முற்றிய காயைப் பல மாதம் மரத்திலேயே விட்டுவைத்து, விலை பார்த்துப் பறிக்கவும் முடிந்தது. 1970-களில்தான் கலிஃபோர்னியாவில் ஹாஸ் ஃபுவெர்டேவை முந்தியது. இன்று உலகச் சந்தையில் விற்கும் அவகேடோவில் பெரும்பங்கு அதுவே. மெக்சிகோ, பெரு, கென்யா, நியூசிலாந்து என்று எங்கு நின்றாலும் அந்த மரத்தின் மேல்பகுதி, லா ஹாப்ரா ஹைட்ஸில் ஒட்டை ஏற்க மறுத்த அந்தக் கன்றின் குச்சி வழி வந்ததுதான்.

அதை ஹாஸ் பார்க்கவில்லை. கடைசிக் காலத்தில் ஃபால்புரூக் என்ற இடத்தில் 80 ஏக்கரில் பெரிய தோட்டம் போட்டிருந்தார். 1952 ஆகஸ்டில் காப்புரிமைக் காலம் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 24 அன்று, மாரடைப்பில் ஃபால்புரூக் மருத்துவமனையில் இறந்தார். வயது 60.

தாய் மரம் அவருக்குப் பின் 50 ஆண்டு வாழ்ந்தது. சுற்றிலும் தோட்டங்கள் போய் வீடுகள் வந்தன. மரம் ஒரு வீட்டின் முன்னால் நின்றது. பைட்டோப்தோரா வேரழுகல் நோய் பிடித்தபோது, புரோக்கா குடும்பத்தினர் பல ஆண்டு வைத்தியம் பார்த்தார்கள். தண்ணீர் தேங்கும் மண்ணில் வெண்ணெய்ப் பழ மரத்தைக் கொல்வது இதே நோய்தான். நம் மலைச்சரிவில் நடும்போது பள்ளத்தை விட்டு மேட்டில் நடச் சொல்வதும் இதனால்தான். வைத்தியம் பலிக்கவில்லை. 2002 செப்டம்பர் 11 அன்று மரத்தை வெட்டினார்கள். கட்டையை எரிக்கவோ விற்கவோ மனம் வராமல், புரோக்கா நாற்றங்காலில் எடுத்து அடுக்கி வைத்தார்கள்.